ரத்தப் பரிசோதனையில் அடைப்பின் அளவு தெரியுமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 49. திருமங்கலத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் அண்ணனுக்கு 47 வயதில் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தப் பயத்தில் போன வாரம் ஒரு லேபில் 'ஹார்ட் பேக்கேஜ்' என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 204, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 220, எல்டிஎல் 126. மூன்று மாத சர்க்கரை 6.3. எச்எஸ்-சிஆர்பி 11.4, ஹோமோசிஸ்டீன் 26, லைப்போபுரோட்டீன்-ஏ 82. ட்ரோபோனின் நார்மல். சிஆர்பியும் ஹோமோசிஸ்டீனும் தடித்த எழுத்தில் இருப்பதால் அடைப்பு அதிகமாக இருக்கும் என்கிறார் லேபில் இருந்தவர். ட்ரோபோனின் நார்மல் என்றால் அடைப்பே இல்லை என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி? ரத்தத்தை வைத்தே எத்தனை சதவீத அடைப்பு என்று சொல்லிவிட முடியாதா? ஆஞ்சியோ என்றாலே பயமாக இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சல் வந்து மூட்டுவலி இன்னும் போகவில்லை. ஐந்தாறு வருடமாகக் காலையில் ஒரு கேஸ் மாத்திரை போடுகிறேன். சரக்கைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் மட்டும் கேஸ் நெஞ்சை அடைக்கும், ரெண்டு நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். சிகரெட் ஒரு நாளைக்கு ஐந்தாறு.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருமங்கலம்

பதில்: ரிப்போர்ட்டை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த மாடிப்படி.

சரக்கோடு ஏறும்போது நெஞ்சு அடைக்கிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கேஸ் என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். நீங்கள் மாடி ஏறுவதும் நிற்பதும் கேஸுக்குத் தெரியாது. அது வயிறு முட்டச் சாப்பிட்டால் வரும், சாப்பிட்டவுடன் படுத்தால் வரும், ஏப்பம் விட்டால் குறையும். உழைக்கும்போது வந்து, நின்றால் போகிற நெஞ்சடைப்புக்கு ஆஞ்சைனா என்று பெயர். உழைப்பின்போது இதயத் தசை கூடுதல் ரத்தம் கேட்கிறது, ரத்தக் குழாயால் கொடுக்க முடியவில்லை என்று பொருள். உங்கள் வயதில், சிகரெட்டும் வைத்துக்கொண்டு, அண்ணனுக்கும் 47-ல் அட்டாக் வந்திருக்கும்போது, அப்படி இல்லை என்று நிரூபணமாகும் வரை இதை ஆஞ்சைனாவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புறநோயாளியாக வருகிறவரிடம் "எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்பேன். ஒரு விரலால் இடது மார்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறவரைப் பற்றிப் பெரும்பாலும் கவலை இருக்காது. கையை மூடி முஷ்டியை நடு நெஞ்சில் வைத்து, "வலினு சொல்ல முடியாது சார், ஒரு கனம் மாதிரி" என்கிறவரை அன்றைக்கே ஈசிஜி எடுக்காமல் அனுப்ப மாட்டேன். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

ஆகவே இந்த வாரத்துக்குள் ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மூட்டை தூக்குவது வேண்டாம், கடைப் பையனை ஏற்றச் சொல்லுங்கள். இந்தக் கனம் இதுவரை ஏற்றத்தில் மட்டும் வந்தது. இனிச் சமதளத்தில் நடந்தாலே வருகிறது, உட்கார்ந்திருக்கும்போது வருகிறது, அல்லது பதினைந்து நிமிடம் தாண்டியும் விடவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறது என்றால் வாரம் வரை காத்திருக்கக் கூடாது, உடனே 108. பைக்கை எடுத்துக்கொண்டு கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி மதுரைக்கு வந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே போவதும் வீண் இல்லை. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் வேளை மருந்தாக அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

இனி உங்கள் கேள்வி. ரத்தத்தை வைத்து அடைப்பின் அளவைச் சொல்ல முடியாதா? ஆராய்ச்சியாளர்களும் பல பத்தாண்டுகளாக இதைத்தான் கேட்டு வருகிறார்கள். குழாய்க்குள் சாய மருந்து செலுத்தி எடுக்கும் படமான ஆஞ்சியோகிராமில் தெரியும் அடைப்புகளுக்கு மதிப்பெண் போடும் முறைகள் இருக்கின்றன. 1983-ல் வந்த ஜென்சினி மதிப்பெண் ஒன்று. பிற்பாடு வந்த சின்டாக்ஸ் மதிப்பெண் இன்னொன்று. அதில் 22 வரை குறைவு, 33-ம் அதற்கு மேலும் சிக்கலான நோய். ஆஞ்சியோவுக்கு வந்த நோயாளிகளின் ரத்தத்தையும் எடுத்து, மதிப்பெண் கூடக்கூட ரத்தத்தில் எது கூடுகிறது என்று பார்ப்பார்கள். சிஆர்பி கூடியது, ஃபைப்ரினோஜன் கூடியது, யூரிக் அமிலம் கூடியது, சாதாரண ரத்த அணுப் பரிசோதனையில் வரும் நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதம்கூடக் கூடியது என்று கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை எல்லாம் சராசரிக் கணக்கு. கடுமையான அடைப்பு உள்ளவர்களின் சராசரி சிஆர்பி கொஞ்சம் கூடுதல், லேசான அடைப்பு உள்ளவர்களின் சராசரி கொஞ்சம் குறைவு. தனித்தனி ஆட்களாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மூன்று குழாயிலும் அடைப்பு இருந்து சிஆர்பி ஒன்றுக்குக் கீழே உள்ளவரும் உண்டு, குழாய்கள் சுத்தமாக இருந்து சிஆர்பி எட்டு உள்ளவரும் உண்டு. நாளைக்கு என் முன்னால் நீங்கள் ஒருவர்தான் உட்காருவீர்கள். உங்களுக்கு அந்தச் சராசரியை வைத்து நான் சதவீதம் சொன்னால் அது ஜோசியம்.

நம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. தண்ணீரைச் சோதித்தால் இந்த வீட்டுக் குழாயில் உப்பு வேகமாகப் படியும் என்று சொல்லலாம். எந்த வளைவில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அந்தச் சோதனையில் தெரியாது. ரத்தக் குறியீடுகளும் அவ்வளவுதான்: நோய் எந்த வேகத்தில் போகும், எதைக் குறைத்தால் வேகம் தணியும் என்பதற்கு அவை நல்ல சாட்சி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சதவீதமே முழுக்கதை கிடையாது. எழுபது சதவீத அடைப்பு பல வருடம் அப்படியே கிடக்கும். நாற்பது சதவீதம் மட்டுமே அடைத்திருக்கும் ஒரு கொழுப்புத் திட்டு, மேலே இருக்கும் மெல்லிய தோல் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, ஒரு மணி நேரத்துக்குள் குழாயை முழுதாக மூடிவிடும். "போன மாசம்தான் ட்ரெட்மில் பண்ணி நார்மல்னு சொன்னாங்க, இப்ப அட்டாக்னு சொல்றீங்களே" என்று குடும்பத்தார் கேட்பது இதனால்தான்.

மச்சானுக்கு: ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை சேதமானால் சில மணி நேரத்தில் ரத்தத்துக்கு வந்துவிடும். அட்டாக்கா என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல சோதனை எங்களிடம் இல்லை. அது நார்மல் என்றால், ரத்தம் எடுத்த அந்த நேரத்தில் தசை சாகவில்லை. அவ்வளவுதான். அடைப்பு தொண்ணூறு சதவீதம் இருந்தாலும் தசை உயிரோடு இருந்தால் ட்ரோபோனின் நார்மலாகவே வரும். நெஞ்சுவலியே இல்லாத நாளில், பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காக எடுத்த ட்ரோபோனின் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது. (முடி கொட்டுகிறது என்று அதிக அளவில் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில கருவிகளில் ட்ரோபோனின் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அட்டாக் என்று சந்தேகப்பட்டு மருத்துவமனைக்குப் போகும்போது இதைச் சொல்லத் தவறாதீர்கள்.)

லேபில் இருந்தவருக்கு: சிஆர்பி 11.4 என்பதை வைத்து உங்கள் இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச முடியாது. சிஆர்பி என்பது உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரக்கும் புரதம். ஈறு வீக்கத்துக்கு ஏறும், சளிக்கு ஏறும், சிகரெட்டுக்கு ஏறும், தொப்பைக்கும் ஏறும். இதய அபாயத்துக்காகப் பார்க்கும்போது ஒன்றுக்குக் கீழே குறைவு, ஒன்று முதல் மூன்று நடுத்தரம், மூன்றுக்கு மேல் கூடுதல் என்று கணக்கு. பத்தைத் தாண்டினால் வேறு ஏதோ நோய்த்தொற்றோ அழற்சியோ ஓடுகிறது, அது தணிந்தபின் திரும்ப எடு என்பதுதான் விதி. உங்களுக்கோ மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சல், மூட்டு இன்னும் வலிக்கிறது. சிக்குன்குனியா மாதிரி எதுவோ வந்து போயிருக்கலாம். மூட்டு அடங்கி இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பார்க்காவிட்டாலும் உங்கள் விஷயத்தில் சிகிச்சை மாறப்போவதில்லை. 2008-ல் வெளிவந்த ஜூப்பிட்டர் ஆய்வில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 130-க்குக் கீழும் சிஆர்பி இரண்டோ அதற்கு மேலோ இருந்த 17,802 பேரில் ஒரு பாதிக்கு ரோசுவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அட்டாக், ஸ்ட்ரோக் போன்றவை நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தன. அதிலிருந்துதான் சிஆர்பிக்கு இவ்வளவு பேர் வந்தது. கொலஸ்ட்ரால் சுமாராக இருக்கிறது, மாத்திரை கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற ஆளுக்கு அது உதவும். உங்களுக்கு அந்தத் தயக்கமே இல்லை.

ஹோமோசிஸ்டீன் 26. இது ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம், பதினைந்துக்குள் இருக்க வேண்டும். லேப் அதை இதயக் கணக்கில் எழுதிவிட்டது, நான் உங்கள் கேஸ் மாத்திரைக் கணக்கில் எழுதுகிறேன். பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை வருடக்கணக்கில் போட்டால் வயிற்றில் அமிலம் குறைந்து, சாப்பாட்டிலிருந்து பி12 சரியாகப் பிரிந்து உடம்பில் சேராது. பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். பி12 அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொள்ளுங்கள். கால் மதமதப்புக்கும் ரத்தசோகைக்கும் நல்லது. இதயத்துக்கு என்று நினைத்துப் போட வேண்டாம். 2006-ல் வெளியான நார்விட், ஹோப்-2 என்ற இரண்டு பெரிய ஆய்வுகளில் ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்து ஹோமோசிஸ்டீனை இறக்கினார்கள். எண் இறங்கியது, அட்டாக் குறையவில்லை. அப்படியும் இந்தச் சோதனையைப் பேக்கேஜில் வைத்து விற்கிறார்கள் என்றால், தடித்த எழுத்தில் ஏதாவது ஒன்று வந்தால்தான் அடுத்த வருடமும் ஆள் வருவார்.

லேப்காரர் கண்டுகொள்ளாமல் விட்ட 82-தான் எனக்குக் கவலை. லைப்போபுரோட்டீன்-ஏ என்பதை 1963-ல் நார்வேயில் கோரே பேர்க் கண்டறிந்தார். எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்ட உருவம் அது. குழாய்ச் சுவரில் கொழுப்பும் சேர்க்கும், அழற்சியும் மூட்டும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் அபாயம் என்று கணக்கு. இதன் அளவு ஏறக்குறைய முழுக்கப் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நடந்தாலும் இறங்காது, பத்தியம் இருந்தாலும் இறங்காது, ஸ்டாடின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் அசையாது. இதை இறக்கவென்றே புது ஊசிகள் பரிசோதனையில் இருக்கின்றன. அதனால் ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும், வருடா வருடம் பேக்கேஜில் காசு கொடுக்க வேண்டாம். அண்ணனுக்கு 47-ல் அட்டாக் வந்ததற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு. உங்கள் பிள்ளைகளுக்கும் வந்திருக்க ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கல்யாண வயதில் இருந்தால் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த எண்ணை இறக்க முடியாது என்றால் எதற்குப் பார்ப்பது? இறக்க முடிகிற மற்ற எல்லாவற்றையும் கடுமையாக இறக்குவதற்கு. அங்கேதான் நீங்கள் கவனிக்காமல் விட்ட பழைய எண்கள் வருகின்றன. எல்டிஎல் 126 என்பது உங்கள் ரிப்போர்ட்டில் அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. ட்ரைகிளிசரைடு 220-ஐ ஐந்தால் வகுத்தால் 44. மொத்தம் 204-ல் நல்ல கொலஸ்ட்ரால் எனும் எச்டிஎல் 34-ஐயும் இந்த 44-ஐயும் கழித்தால் 126. 1972-ல் ஃபிரீட்வால்ட் கொடுத்த சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு கூடக்கூட இந்தக் கணக்கு பிசகும், 400-ஐத் தாண்டினால் பயன்படாது. அதனால் நான் உங்கள் தாளில் வேறு ஒரு கழித்தல் போடுவேன்: 204-ல் 34 போனால் 170. எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் என்று பெயர். குழாயில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொழுப்பும் இதில் அடங்கும், சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாலும் பெரிதாக மாறாது, தனியாகக் காசும் கிடையாது. பக்கத்தில் 'நார்மல்: 200 வரை' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து நாலு புள்ளிதானே கூட என்று விட்டுவிடாதீர்கள். அந்த அளவு நோயில்லாத ஆளுக்கு. அடைப்பு இருக்கிறது என்று உறுதியானால் உங்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே வர வேண்டும். அதற்கு அட்டோர்வாஸ்டாடின் 40 அல்லது 80, இல்லையென்றால் ரோசுவாஸ்டாடின் 20 என்ற அளவில் தொடங்குவோம். பத்தாவிட்டால் எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையையும் சேர்ப்போம். "கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எனக்கு அனுப்ப வேண்டாம், நிறைய வந்துவிட்டது.

மூன்று மாத சர்க்கரை 6.3 என்றால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள், 6.5 என்றால் உள்ளே. ட்ரைகிளிசரைடு கூடுதல், எச்டிஎல் குறைவு, சர்க்கரை எல்லையில், இடுப்பில் சதை என்ற இந்தச் சேர்க்கை நம் ஊர் ஆண்களிடம் அச்செடுத்த மாதிரி வருகிறது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருவதைப் பார்த்தார்கள். காரணமாக வந்தவை புதிர் எதுவும் இல்லை: கொலஸ்ட்ரால், புகை, பிரஷர், சர்க்கரை, தொப்பை என்று போகும் ஒன்பது விஷயங்கள், உலகம் முழுக்க முதல் அட்டாக்கில் தொண்ணூறு சதவீதத்தை விளக்கிவிட்டன.

பிரஷர் என்றதும் கவனிக்கிறேன், இத்தனை எண் எழுதிய நீங்கள் ரத்த அழுத்தத்தை எழுதவே இல்லை. சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் இல்லை. சிறுநீரில் அல்புமின் சோதனையும் இல்லை. மூன்றும் சேர்ந்தாலும் பேக்கேஜில் பாதி விலை ஆகாது. கிரியாட்டினின் எப்படியும் தேவை, ஏனென்றால் சிடி ஆஞ்சியோவோ சாதாரண ஆஞ்சியோவோ எடுக்க வேண்டி வந்தால் உள்ளே செலுத்தும் சாய மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும்.

அடுத்து என்ன நடக்கும்? ஈசிஜி, எக்கோ. அவை நார்மலாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது ஆஞ்சைனாக்காரரின் ஈசிஜி பெரும்பாலும் நார்மல்தான். அதன்பின் ட்ரெட்மில்லா, சிடி ஆஞ்சியோவா, நேரே ஆஞ்சியோவா என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் முடிவு செய்வார். கூடாமல் ஒரே அளவில் இருக்கிற ஆஞ்சைனா என்றால் நான் சிடி ஆஞ்சியோ பக்கம் சாய்வேன். சமீபத்தில் கூடிக்கொண்டே வந்தது என்றால் நேரே ஆஞ்சியோ.

ஆஞ்சியோவுக்குப் பயப்படுவது நியாயம்தான், ஆனால் பழைய கதையை வைத்துப் பயப்படுகிறீர்கள். இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகச் செய்கிறோம், மயக்க மருந்து கிடையாது, அன்றே எழுந்து நடக்கலாம். உங்களுக்கு உண்மையான பயம் வேறு என்று நினைக்கிறேன்: உள்ளே போனால் கேட்காமலே ஸ்டென்ட் வைத்துவிடுவார்களோ என்பது. அதற்கும் பதில் இருக்கிறது. நடு அளவு அடைப்பாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை ஒரு மெல்லிய கம்பியால் அளக்கலாம். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை எஃப்எஃப்ஆர் என்று சொல்வோம், அது 0.80-க்கோ அதற்குக் கீழோ இறங்கியிருந்தால்தான் அந்த அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது என்று பொருள். அதைக் கேளுங்கள். 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் நிலையான நோயுள்ள 5,179 பேரைப் பார்த்தார்கள். இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஸ்டென்ட், பைபாஸ் என்று முதலிலேயே போனவர்களுக்கும், மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும் அட்டாக்கிலும் மரணத்திலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நெஞ்சுவலி குறைவதில் ஸ்டென்டுக்கு நல்ல பங்கு உண்டு. ஆக, "படத்தைப் பாருங்க டாக்டர், இடது முதன்மைக் குழாயில் இல்லை என்றால் மாத்திரையில் ஆரம்பிக்கலாமா?" என்று மேஜையில் படுக்கும் முன்பே கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிற மருத்துவரிடம் போக வேண்டாம். செலவு பிரச்சினை என்றால் நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியிலேயே கேத் லேப் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சிகரெட்டைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. ஐந்தாறுதானே என்பீர்கள். இதயத்துக்கு ஐந்தாறுக்கும் இருபதுக்கும் நீங்கள் நினைக்கிற அளவு தூரம் இல்லை. இன்றோடு நிறுத்துங்கள். சாப்பாட்டில், திருமங்கலத்துக்காரரிடம் பிரியாணியே கூடாது என்று சொல்லி ஊரைப் பகைத்துக்கொள்ள மாட்டேன். மாதம் ஒருநாள் பிரியாணியால் ட்ரைகிளிசரைடு 220 ஆகாது. ராத்திரி பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுச் சால்னாவில் ஊறிய மூன்று பரோட்டாவைத் தின்று அப்படியே படுப்பதால் ஆகும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கடையிலேயே முடித்தால் கேஸ் மாத்திரையும் பாதி தேவைப்படாது.

மருத்துவரிடம் போகும்போது லேப் ரிப்போர்ட்டோடு அண்ணனின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆஞ்சியோ படம் உள்ள குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள். முடிந்தால் அண்ணனையும் கூட்டிப் போங்கள். அவருக்கு லைப்போபுரோட்டீன்-ஏ யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்கிறதா என்றும் ஸ்டென்ட் வைத்தபின் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே டோக்கனில் இரண்டு பேரையும் பார்க்கச் சொல்லுங்கள்.